நாதத்துக்கு உபாதானம் எது? – காவிரிக் கரை வாத்தியங்களின் மூலப்பொருள் குறித்து ஒரு விசாரம்

அவதாரிகை

குருபரம்பரையில் நாதமுனிகளின் வைபவத்தைச் சேவித்தவர்கள் அறிந்த ஐதிஹ்யம் ஒன்று உண்டு. தேவகானத்தில் வல்லாள் ஒருத்தி சோழ மன்னனின் சபையில் பாடினாள்; அதன் அருமையை அங்கிருந்தோர் அறியவில்லை. அவளே வீரநாராயணபுரத்து மன்னனார் ஸந்நிதியில் பாடியபோது நாதமுனிகள் அதை உகந்தார். வியப்புற்ற மன்னன் வந்து வினவ, முனிகள் பல தாளங்களை ஒரே சமயத்தில் தட்டுவித்து, எழுந்த ஓசையைக் கொண்டே இன்ன தாளம் இன்ன எடையுடையது என்று அருளிச்செய்தாராம். முனிகளின் செவிநுட்பத்துக்குச் சான்றாகவே இதைப் பெரியோர் எடுத்துரைப்பர். அதனுள் வேறொரு பொருளும் அடங்கியிருக்கிறது. ஓசையானது தான் எந்த த்ரவ்யத்திலிருந்து பிறந்ததோ அதை மறைப்பதில்லை. அறியும் செவி வாய்த்தால் நாதத்தின் வழியே கருவியின் கனத்தையும் கலவையையும் அறியலாம் என்பதே அது.

அடியேன் வாழும் திருவையாற்றில் ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று, 1847ஆம் ஆண்டு ஸித்தியடைந்த ஸ்ரீ த்யாகராஜ ஸ்வாமியின் ஸமாதிக் கரையில் வித்வான்கள் கூடிப் பஞ்சரத்ன கீர்த்தனங்களைப் பாடுகிறார்கள். அங்கே ஒரு பந்தலின் கீழ் மரமும் மூங்கிலும் நாணலும் தோலும் மண்ணும் வெண்கலமும் ஒருங்கே ஒலிக்கின்றன. நாகஸ்வரத்துக்கு ஆச்சா ஏன், வீணைக்குப் பலா ஏன், மிருதங்கத்தின் முகத்தில் கல்லும் சோறும் ஏன் என்று கேட்பாரில்லை. கேட்டால், 'ஸம்ப்ரதாயம்' என்று ஒரு சொல்லில் விடை வரும். ஸம்ப்ரதாயத்துக்கும் காரணம் உண்டு. அக்காரணத்தை இயன்றவரை விசாரித்து, முடிவில் நம் தர்சனத்தைச் சேர்ந்த ஒரு வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரணம் மூன்று வகைப்படும் என்பது யாவரும் அறிந்ததே. குடத்துக்கு மண் உபாதானம், குயவன் நிமித்தம், தண்டும் சக்கரமும் ஸஹகாரி. வேதாந்தத்தில் ஓயாமல் எடுக்கப்படும் அந்தக் குடமே மானாமதுரையில் கடமாகி மேடையேறியிருக்கிறது. எனவே இம்முறையை வாத்தியங்களிடத்தில் கொள்வது பொருந்தும்.

குழல்: உரையாசிரியர் கண்ட தாரதம்யம்

துளைக்கருவிகளின் மூலப்பொருளைப் பற்றித் தமிழில் விரிவாகப் பேசியவர் சிலப்பதிகார உரையாசிரியரான அடியார்க்குநல்லார். உ.வே. சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட பதிப்பினால்தான் அவ்வுரை நம் கைக்கு எட்டியது. அரங்கேற்று காதையின் உரையில் அவர் குழலுக்கு ஐந்து பொருள்களைச் சொல்கிறார்: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. இவற்றில் மூங்கிலை உத்தமம் என்றும் வெண்கலத்தை மத்திமம் என்றும் ஏனையவற்றை அதமம் என்றும் வகுக்கிறார். உடனே, மூங்கில் பருவத்துக்கேற்ப மாறும் என்றும், வெண்கலம் வலியது என்றும், மரம் எப்போதும் ஒரே தன்மையாய் நிற்கும் என்றும் காரணம் காட்டுகிறார். தம் காலத்தில் கருங்காலி வேண்டுமென்பதே பெருவழக்கு என்றும் சேர்க்கிறார்.

இங்கே ஒரு சங்கை எழும். மாறுந்தன்மையுடைய மூங்கில் உத்தமமாவதும், மாறாமல் நிற்கும் மரம் அதமமாவதும் எப்படி? இதற்கு அடியேனுக்குத் தோன்றும் பரிஹாரம் இது. தாரதம்யம் நாதத்தின் சுத்தியைப் பற்றியது. பெருவழக்கு கருவியின் நிலைபேற்றைப் பற்றியது. மூங்கில் இயற்கையிலேயே குழாயாய் விளைவது, தச்சன் குடையவேண்டியதில்லை. இலேசானது, மேற்பட்டை வழவழப்பானது. ஆயினும் ஈரக்காற்றிலும் வெயிலிலும் அது தன் அளவை மாற்றிக்கொள்ளும், சுருதி பிசகும். காலமெல்லாம் ஒரே சுருதியில் நிற்கவேண்டிய சபையில் கருங்காலி வென்றிருக்கவேண்டும். ஒன்று செவிக்கு உகந்தது. மற்றொன்று தொழிலுக்கு உகந்தது. உரையாசிரியர் இரண்டையும் பதிவுசெய்துவிட்டு, ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறுக்காமல் நிற்கிறார்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அவர் சொல்கிறார். பல திசைக் காற்றுகள் கலந்து மயங்கும் இடத்தில் வளர்ந்த மரத்துக்கு நாதமில்லை. சமநிலத்தில், இளமையும் முதுமையும் அல்லாத பருவத்தில் நிற்கும் மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, முறுக்குதலும் பிளத்தலும் இல்லையென்று ஓராண்டு பார்த்த பின்பே கருவி செய்யவேண்டும். காற்றில் அலைக்கழிந்த மரத்தின் நார் நேராக ஓடாது. முறுக்கேறிய மரம் உலரும்போது திருகிக்கொள்ளும். இன்று தச்சரைக் கேட்டாலும் இதையே வேறு சொற்களில் சொல்வார்.

மூங்கிலின் உத்தமத்வம் நம் ஆழ்வார்களுக்கு வேறொரு வழியில் ஸித்தமானது. பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்து ஆறாம் திருமொழி முழுவதும் கண்ணன் குழலூதிய சிறப்பு. அக்குழலோசை கேட்டு மரங்கள் தேன் பொழிந்து கொம்பு தாழ்த்தி நின்றன என்கிறார் ஆழ்வார். காட்டில் நின்ற மூங்கில் அவன் கையில் ஓசையாயிற்று. காட்டிலேயே நின்றுவிட்ட மரங்கள் அதற்கு இரங்கின. நம் காவிரிக் கரையில் அந்த மூங்கிற்குழல் கச்சேரி மேடைக்கு உரிய தனிக்கருவியாக உயர்ந்ததற்குக் கும்பகோணத்தில் வாழ்ந்த, கண்பார்வையற்ற மேதை சரப சாஸ்திரிகள் (1872–1904) முதற்காரணர்.

யாழிலிருந்து வீணைக்கு

யாழின் உறுப்புகளுக்கும் உரைமரபு மரங்களைப் பிரித்துச் சொல்கிறது. குமிழ், முருக்கு, தணக்கு என்பன மென்மரங்கள்; கொன்றை, கருங்காலி என்பன உறுதியானவை. ஓசையைப் பெருக்கவேண்டிய பத்தருக்கு இலேசும், நரம்பின் இழுவிசையைத் தாங்கவேண்டிய கோட்டுக்கு வலிமையும் தேவை என்ற பகுப்பு அதனுள் இருக்கிறது. பத்தரின் மேல் தோல் போர்த்தப்பட்டிருந்தது என்பதைப் பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகள் காட்டும். தந்தியைக் குறிக்கும் 'நரம்பு' என்ற சொல்லே அது முதலில் எதனால் ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஈழத்து விபுலானந்த அடிகள் இவற்றையெல்லாம் ஆராய்ந்து இயற்றிய யாழ்நூல் 1947இல் கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் வாயிலாக நம் தஞ்சை மண்ணிலேயே வெளிவந்தது. பாணர் ஏந்திய கருவியில் தோலும் நரம்பும் இருந்தன என்ற இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் இது வேண்டியிருக்கும்.

பத்தருக்கு ஒரு மரம், கோட்டுக்கு ஒரு மரம் என்ற பகுப்பைத் தஞ்சாவூர் வீணை நீக்கியது. ஏகாண்ட வீணை என்பதில் குடமும் தண்டியும் ஒரே பலாமரத் துண்டிலிருந்து குடையப்படுகின்றன. ஆகவே மிக இலேசாகவும் மிக வலிதாகவும் இல்லாத ஒரு மரம் வேண்டியதாயிற்று. பலா அப்படிப்பட்டது. மெல்லிதாகக் குடைந்தாலும் விள்ளாது. தந்திகளின் இழுவையில் தண்டி வளையாது. வைரமேறிய மஞ்சள் மரத்தைக் கரையான் எளிதில் அணுகாது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா இதற்குப் பெயர்பெற்றது. நாள் செல்லச்செல்ல மஞ்சள் கருஞ்சிவப்பாக மாறுவதும், வாசிக்க வாசிக்க நாதம் பழுப்பதும் வைணிகர்கள் அறிந்தவை.

இருபத்து நான்கு மெட்டுகள் நிலையாக அமைந்த இன்றைய வீணையை, 1600 முதல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கு. அவருடைய அமைச்சர் கோவிந்த தீக்ஷிதரும், தீக்ஷிதரின் குமாரர் வேங்கடமகியும் இக்கரையில் ஸங்கீத சாஸ்திரத்தை நிலைநிறுத்தியவர்கள். அந்த மெட்டுகள் எதன்மேல் நிற்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். தேன்மெழுகும் கரியும் கலந்த மெழுகுத் திட்டின்மேல் அவை பதிக்கப்படுகின்றன. மெட்டு உலோகம், தண்டி மரம், இரண்டும் கெட்டியானவை. இடையிலே வெயிலில் இளகும் மெழுகு. ஏன்? ஸ்வரஸ்தானம் செவியால் தீர்மானிக்கப்படவேண்டியது. மெட்டை ஆணியால் அறைந்துவிட்டால் பிழையும் நிலைத்துவிடும். மெழுகானால் வல்லுநர் செவியால் தேர்ந்து, மயிரிழை நகர்த்தி நிறுத்தலாம். ஆண்டுகள் கழிந்து பிசகினால் மறுபடி அமைக்கலாம். இவ்வினைக்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். திருத்தத்துக்கு இடம் வைப்பதற்காகவே மென்மையான பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டது.

முற்காலத்தில் வீணையின் அலங்காரத்துக்கு யானைத் தந்தம் பதித்தார்கள். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தத்தாலான பிடிலையே பரிசளித்தார். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தந்தத்தின் வழியை அடைத்துவிட்டன. இன்று அவ்விடத்தில் செயற்கைப் பொருள் இருக்கிறது. வீணையின் நாதம் அதனால் குறையவில்லை. எனவே ஒரு கருவியில் காணப்படும் த்ரவ்யங்களில் நாதத்துக்கு உரியது எது, பெருமைக்காகச் சேர்ந்தது எது என்று பகுத்தறிவது அவசியம். 2013இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றபோது இந்தப் பகுத்தறிவும் கூடவே பரவியிருந்தால் நலமாயிருக்கும்.

நாகஸ்வரம்: பழைய வீட்டின் உத்தரம்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள நரசிங்கம்பேட்டை, நாகஸ்வரம் செய்வதற்குப் பெயர்பெற்றது. 2022இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. உலவு எனப்படும் உடற்பகுதி ஆச்சா மரத்தால் ஆவது. அதன் அடியில் பொருந்தும் அணசு பெரும்பாலும் வாகை. மேலே உலோகக் கெண்டை. அதில் செருகப்படும் சீவாளி, ஆற்றங்கரைகளில் விளையும் கொறுக்கைத் தட்டையால் ஆவது.

ஆச்சா நம் வயற்காட்டு மரமன்று. வறண்ட நிலத்துக் காடுகளில் வளர்வது. இந்நாட்டு மரங்களில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. ஆனாலும் ஆசாரிகள் காட்டிலிருந்து புதிதாக வெட்டிய ஆச்சாவை விரும்புவதில்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் தூண், உத்தரம் இவற்றையே தேடி வாங்குகிறார்கள். பல தலைமுறைகள் கூரையைத் தாங்கிய மரம் தன் ஈரத்தையெல்லாம் இழந்து, திருகவேண்டிய திருகலைத் திருகி முடித்து, இனி அசையாத நிலைக்கு வந்துவிட்டது. ஊதுபவரின் மூச்சிலுள்ள ஈரம் நாள்தோறும் உள்ளே படியும். பச்சை மரமானால் உப்பி வெடிக்கும். அடியார்க்குநல்லார் ஓராண்டு நிழலில் காத்திருக்கச் சொன்னார். நரசிங்கம்பேட்டையார் ஒரு வீட்டின் ஆயுள் முழுவதும் காத்திருந்த மரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம். துளைக்கருவியில் ஒலிப்பது உள்ளே நிற்கும் காற்று. மரம் அக்காற்றுக்கு எல்லை மட்டுமே. ஆகவே மரத்தின் 'இனிமை' என்று நாம் சொல்வது பெரும்பாலும் துளையின் வழவழப்பும் அளவின் மாறாமையும்தான். இதற்கு நேர்ச்சான்று ஆழ்வார்திருநகரியில் இருக்கிறது. நம்மாழ்வார் அவதரித்த அத்தலத்தில் கல்லால் ஆன நாகஸ்வரம் ஒன்று உண்டு. கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலிலும் உண்டு. கல்லைக் குடைந்து அளவு பிசகாமல் துளைத்தால் அதிலும் நாகஸ்வர ஓசையே எழுகிறது. அப்படியானால் மரம் எதற்கு? வீதியிலே பெருமாள் எழுந்தருளும்போது மணிக்கணக்காக அதைத் தூக்கி நின்று ஊதவேண்டியவர் ஒரு மனிதர் என்பதற்காக. ஊதுபவரின் தோள் எவ்வளவு தாங்கும் என்பதும் மூலப்பொருளைத் தீர்மானிக்கிறது.

சீவாளியோ இதற்கு எதிர்முகம். கருவியில் மிக அற்பமாகத் தோன்றும் இந்தப் புல்தட்டையே அதிர்ந்து ஓசையைப் பிறப்பிக்கிறது. கொறுக்கையை அறுத்து, உலர்த்தி, பழமைப்படுத்தி, வேகவைத்து, மடித்துக் கட்டிச் சீவுகிறார்கள். திருவாவடுதுறைப் பக்கத்தில் இத்தொழில் வழிவழி வந்தது. ஆச்சா தலைமுறைகளுக்கு நிற்கும். சீவாளி வாசிக்க வாசிக்கத் தேய்ந்துபோகும். ஆற்றங்கரையில் மணலும் சாயக்கழிவும் கட்டடமும் கொறுக்கையின் இடத்தைப் பறித்தால், நூறாண்டு மரம் கைவசம் இருந்தும் பயனில்லை. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதம் ஆசாரியோடு கலந்து, கீழ்ச்சுருதியில் நீண்ட பாரி நாகஸ்வரத்தைப் பண்படுத்திய வரலாறு புகழ்பெற்றது. சுத்த மத்யமம் சுத்தமாய்ப் பேசவேண்டும் என்று வித்வான் கேட்டார். எங்கே எவ்வளவு குடையவேண்டும் என்று ஆசாரி கண்டார். ஒருவரைச் சொல்லி மற்றவரை விடுவது அவ்வரலாற்றைப் பாதியாக்கும்.

தோலும் சோறும் கல்லும்

மிருதங்கம் என்ற சொல் மண்ணுடம்பு என்று பொருள்படும். உடம்பு பலாமரமாகிவிட்ட பின்பும் பெயரில் மண் நிற்கிறது. முகத்தில் பூசும் வழக்கமும் பழையது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் முழவின் முகங்களுக்கு ஆற்றங்கரையின் நுண்ணிய கரிய மண்ணைப் பூசச் சொல்கிறது. அது கிடையாதபோது கோதுமை மாவையோ யவ மாவையோ கொள்ளச் சொல்கிறது. இன்றும் கச்சேரிக்கு முன் இடந்தலையாகிய தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள். வலந்தலையிலோ கிட்டான் கல்லைப் பொடித்து, சோற்றோடு அரைத்து, மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்து ஏற்றுகிறார்கள். அக்கரிய வட்டத்துக்கே சோறு என்று ஒரு பெயர் உண்டு. நெல் விளையும் நம் நாட்டில் அரிசி, மிருதங்கத்தின் முகத்திலும் ஏறியிருக்கிறது.

இந்தக் கரிய வட்டம் எதற்கு என்பதை விளக்கியவர், காவிரித் தீவாகிய திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர். சி.வி. ராமன். வெறுந்தோலைத் தட்டினால் அதிலிருந்து எழும் மேலோசைகள் தம்முள் ஒத்திசையா. ஆகையால் அது சத்தமாகவே நின்றுவிடும், ஸ்வரமாகாது. நடுவில் முறையாகக் கனம் ஏற்றினால் மேலோசைகள் முதலோசைக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்காக ஒழுங்குபட்டு, தந்தியைப் போலவே அத்தோல் சுருதி பேசும். இதை 1920இல் சுருக்கமாகவும் 1934இல் விரிவாகவும் அவர் எழுதினார். ஆய்வுக்கூடத்துக்கு முன்பே செவியாலும் விரலாலும் அந்த விகிதத்தைக் கண்டு வைத்திருந்தவர்கள் தோல் வினைஞர்கள். எத்தனை படலம், எவ்வளவு கனம், எங்கே மெல்லியது என்பதை அவர்கள் எந்த நூலிலும் படிக்கவில்லை.

தோல் எது? ஆடு, மாடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் மிருதங்கத்தில் சேர்கின்றன. இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். ஒன்றின் மென்மை வேறு, மற்றொன்றின் உறுதி வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்காது. தானே இறந்த பசுவின் தோல்தான் என்று நம்மவர் சமாதானம் சொல்வதுண்டு. வினைஞரைக் கேட்டால் அச்சமாதானம் நிற்பதில்லை. இவ்வினைஞர்களின் வரலாற்றை 2020இல் டி.எம். கிருஷ்ணா ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். பாடகர் மேடையில் இருந்தார், மிருதங்கக்காரர் பக்கத்தில் இருந்தார், மிருதங்கத்தைச் செய்தவர் எங்கே இருந்தார் என்ற வினா அதனுள் இருக்கிறது.

கஞ்சம்

நாதமுனிகள் எடை சொன்ன தாளத்துக்கு வருவோம். அரையர் ஸேவையில் இன்றும் அரையர் கையில் இருப்பது தாளம் ஒன்றே. செம்பு நான்கு பங்குக்கு ஏறத்தாழ ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் நெடுநேரம் கணீரென்று ஒலிக்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும். ஸ்வாமிமலையில் காவிரி வண்டல் மண்ணைக் கருவாக்கி வார்க்கும் திருவுருவங்களிலோ செம்பே மிகுதி. அவை உடையா, அவ்வளவு ஒலிக்கவும் மாட்டா. ஒலிக்கவேண்டியதற்கு ஒரு கலவை, நிலைக்கவேண்டியதற்கு ஒரு கலவை. திருநறையூராகிய நாச்சியார்கோயிலின் கன்னார்கள் இவ்வேறுபாட்டைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நாதமுனிகளின் செவிக்கு ஒரு பாகம் வாரிசு அங்கே இருக்கிறது என்றால் மிகையாகாது.

உபாதான நிரூபணம்

இனி எடுத்துக்கொண்ட வினா. அடியேனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பாடம் சொல்லிவைத்தவர் பாட்டனார், திண்ணையே பாடசாலை. உத்ஸவத்துக்கு முன் கோயில் பேரிகைக்குத் தோல் மாற்ற ஒருவர் வருவார். தெருக்கோடியிலேயே அமர்ந்து வேலை செய்வார். தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து வார்க்கப்படும். அவர் தொட்ட தோலை நாங்கள் தொடலாகாது. மறுநாள் த்வஜாரோஹணத்துக்கு முன் பேரீதாடனம். அதே பேரிகைக்கு வஸ்திரம் சாற்றி, தேவதைகளை ஆவாஹனம் செய்து, மந்திரம் சொல்லி, ஆசார்ய ஸ்தானத்தில் நின்ற பாட்டனாரே முதல் அடியை அடித்தார். நேற்றுத் தீட்டாயிருந்த தோல் இன்று எப்படித் தெய்வமாயிற்று என்று கேட்டேன். 'உபாதானத்தை விசாரிக்கக்கூடாது, ஸ்ரீவசனபூஷணத்தில் இருக்கிறது' என்று வாயை அடைத்துவிட்டார்.

பல ஆண்டுகள் கழிந்து, அடியேனே ஸ்ரீவசனபூஷணத்தை மணவாள மாமுனிகளின் வ்யாக்யானத்தோடு சேவிக்கும் பாக்யம் கிடைத்தபோது அவ்விடத்தைக் கண்டேன். பிள்ளை லோகாசார்யர் அங்கே பேசுவது பாகவதாபசாரத்தைப் பற்றி. அர்ச்சாவதாரத் திருமேனியைக் கண்டு இது செம்போ கல்லோ என்று உபாதானத்தை நினைப்பது பெருங்குற்றம். பாகவதர்களின் பிறப்பை ஆராய்வது அதைக்காட்டிலும் கொடியது என்பதே அவர் திருவுள்ளம். அதாவது, உபாதானம் அங்கே த்ருஷ்டாந்தம்; பிறப்பே ப்ரக்ருதம். பாட்டனார் பிழையாகச் சொல்லவில்லை; பாதி சொன்னார். தோலுக்கு அளித்த விலக்கை, தோலைப் பதப்படுத்திய கைக்கு அளிக்கவில்லை. த்ருஷ்டாந்தத்தை அனுஷ்டித்துவிட்டு ப்ரக்ருதத்தை விட்டோம்.

இங்கே ஆக்ஷேபம் வரலாம்: அவ்வினைஞர் பாகவதர் ஆவாரோ? பலர் பிற சமயத்தவரும் ஆயிற்றே? பிறப்பை ஆராயாதே என்ற விதி பாகவதர்களுக்கே உரியதன்றோ? இதற்கு ஸம்ப்ரதாயமே விடை வைத்திருக்கிறது. நாச்சியார் திருமொழியின் ஏழாம் திருமொழியில் ஆண்டாள் பாஞ்சசன்னியத்தின் பிறப்பை ஆராய்கிறாள்: கடலிலே பிறந்தது, பஞ்சசனன் என்னும் அசுரனின் உடலிலே வளர்ந்தது. ஆராய்ந்தது இழிவுரைக்க அன்று. அப்படிப்பட்டது எம்பெருமான் கைத்தலத்தில் குடியேறிய ஏற்றத்தைச் சொல்லி, அதனிடம் அவன் வாய்ச்சுவையைக் கேட்பதற்காக. கைங்கர்யத்தில் சேர்ந்ததன் பூர்வோத்தரம் கேட்கப்பட்டால், அது ஏற்றத்துக்கே ஆகவேண்டும் என்பது இதனால் ஸித்திக்கும். திருப்பாவையில் அவள் வேண்டும் பறையும் தோற்கருவியே. பறை வ்யாஜம், கைங்கர்யமே புருஷார்த்தம் என்று வ்யாக்யாதாக்கள் நிர்வஹிப்பர். ஆயினும் பரம புருஷார்த்தத்துக்குப் பெயராக அவள் தேர்ந்தது ஒரு தோற்கருவியின் பெயரை என்பது மறுக்கவொண்ணாதது.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன யாழுக்கு வருகிறேன். தோலும் நரம்பும் கொண்ட கருவியை வழிவழி ஏந்திய குலத்தில் தோன்றியவர் திருப்பாணாழ்வார். காவிரியின் தென்கரையில் நின்று பாடிய அவரை உலோகசாரங்க முனிவர் தோளிலே எழுந்தருளப்பண்ணிக்கொண்டு திருவரங்கத்துக்குள் புகுந்தார். கைசிக புராணத்தில் நம்பாடுவானும் பாணனே. அவன் பாட்டின் பலனால் கடைத்தேறியவன் அந்தணப் பிறப்பினனான ப்ரஹ்மரக்ஷஸ். அப்புராணத்துக்குப் பராசர பட்டரே வ்யாக்யானம் அருளினார். கருவியை இசைத்தவரைத் தோளில் ஏற்றிய ஸம்ப்ரதாயம், கருவியைச் செய்தவரைத் தெருக்கோடியில் நிறுத்தியதற்குப் ப்ரமாணம் எங்கே இருக்கிறது? அடியேன் தேடியவரை கிடைக்கவில்லை. வழக்கம் இருந்தது, ப்ரமாணம் இல்லை.

நிகமனம்

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் சில ஆண்டுகளாக மின்விசையால் இயங்கும் மேளமும் மணியும் வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் திருவாராதன காலத்தில் தானே கொட்டுகிறது. தவிற்காரரும் நாகஸ்வரக்காரரும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் ஸம்பாவனை கொடுக்க வழியில்லை என்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. அந்த யந்திரத்தின் தகட்டுக்குத் தீட்டில்லை, பசுவதை இல்லை, பிறப்பு விசாரமும் இல்லை. ஆனால் அங்கே நிமித்த காரணமாய் நிற்கும் சேதனன் ஒருவனும் இல்லை. கைங்கர்யம் செய்பவன் இல்லாத ஓசையை எம்பெருமான் திருச்செவி சாற்றுகிறானோ என்பதைப் பெரியோர்களின் விசாரத்துக்கு விடுகிறேன்.

மூலப்பொருள்களைத் தொடர்ந்து சென்றதில் கண்டது இவ்வளவே. ஆச்சாவும் பலாவும் கொறுக்கையும் தோலும் பவித்ரம் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தத்தம் இடத்தில் தம் காரியத்தைச் செய்ய வல்லவை என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவ்வல்லமையைக் கண்டவர்கள் ஆசாரியும் கன்னாரும் தோல் வினைஞரும். ஸந்நிதியில் சேர்ந்ததால் அவை பவித்ரமாயின. அந்தச் சேர்க்கை பொருளுக்கு மட்டும் உரியதாய் நின்றுவிட்டது நம் குறை.

அவர் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. அவர் மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. எங்கள் கோயில் பேரிகை இப்போது வேற்றூருக்குச் சென்று தோல் மாற்றிக்கொண்டு வருகிறது. சென்ற உத்ஸவத்துக்கு முன் அதை எடுத்துச் சென்றவர்களோடு அடியேனும் போயிருந்தேன். வேலை முடிந்ததும் அவ்வூர் வினைஞர் வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அறுபது ஆண்டு தாமதம்தான். ஆனாலும் ஸ்ரீவசனபூஷணத்தின் அந்த இடத்துக்கு அன்றுதான் அர்த்தம் சேவித்தேன் என்று தோன்றியது.